மூன்று புள்ளிச் சுவர்

அந்த நகரத்தில் சுவரில் வரைகிறவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அழிக்கிறவர்கள் பதினேழு பேர். சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

பதினேழு பேரில் மூத்தவருக்குச் சாம்பல் என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது படிவங்களில் நிரப்ப மட்டும்தான் உதவியது. நகராட்சிக் கிடங்கில் மிஞ்சுகிற பெயிண்டையெல்லாம் ஒரே பீப்பாயில் ஊற்றிக் கலக்குவார்கள். பள்ளிக்கூடத்து மஞ்சள், ஆஸ்பத்திரிப் பச்சை, கழிப்பிடத்து நீலம், எதைக் கொட்டினாலும் கடைசியில் ஒரே சாம்பல் நிறத்துக்குத்தான் வந்து சேரும். அதை முப்பத்தொரு வருஷமாக அவர் ஊர்ச் சுவர்களில் பூசிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில், காது மடலில், ரொட்டி கொண்டுபோகும் டப்பாவின் மூடியில் என்று அந்த நிறம் ஏறாத இடமில்லை. கடைசியில் பேரிலும் ஏறிக்கொண்டது.

பார்க்க எளிய வேலை. செய்தால்தான் தெரியும். கறுப்பு ஸ்பிரே ஒரு பூச்சில் அடங்காது; காய்ந்த பிறகு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். வெள்ளி நிறம் அதைவிட வஞ்சகம், மூன்று பூச்சு கேட்கும். வெயிலில் ரோலர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வராது. ஏணியில் நின்றால் குதிகால் வெடிக்கும், இறங்கினால் இடுப்பு பிடிக்கும். ஆனாலும் சாம்பல் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தச் சுவரையும் படிக்காமல் அழித்ததில்லை. 'மன்னிச்சுடு, நான் வேற ஊர்ல இருக்கேன்' என்று ரயில் பாலத்தடியில் எழுதியிருந்ததை, மார்க்கெட் பின்சுவரில் ஆறு கண்ணோடு சிரித்த பூனையை, கோர்ட்டு மதிலில் நீதிபதிக்கு வரைந்திருந்த வாலை, எல்லாவற்றையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் ரோலரைத் தோய்ப்பார். அந்த ஊரின் சுவர்களை முழுக்கப் பார்த்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வேலை முடிந்ததற்கு அடையாளம் வேண்டுமே. மேஸ்திரி ஸ்கூட்டரில் வருவார், இறங்க மாட்டார். சுவரின் வலது கீழ் மூலையை மட்டும் பார்ப்பார். அங்கே சிவப்பு ஆக்சைடில் அவரவர் குறி இருக்க வேண்டும். ஒருத்தர் பெருக்கல் போடுவார், ஒருத்தர் உள்ளங்கையின் ஓரத்தைப் பதிப்பார். சாம்பல் ஆள்காட்டி விரலை டின்னில் முக்கி மூன்று புள்ளி வைப்பார், அடுப்புக் கல் மாதிரி. குறியைக் கண்டால் மேஸ்திரி ரிஜிஸ்டரில் டிக் அடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போவார்.

கோடையில் ஒரு சிக்கல் வந்தது. வெயிலுக்குப் பயந்து மேஸ்திரி காலை ஒன்பதுக்கே ரவுண்டு வர ஆரம்பித்தார். ஒன்பது மணிக்குள் எவன் பூசி முடிப்பான்? ஆகவே முதலில் குறி, பிறகு வெயில் இறங்கியதும் பூச்சு என்று பதினேழு பேரும் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். மேஸ்திரிக்கும் தெரியும். தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். மூலையைத் தவிர வேறெங்கும் பார்க்காத கண்ணை அவர் அதற்காகவே பழக்கி வைத்திருந்தார்.

இந்த வழக்கம்தான் கடைசியில் சாம்பலின் வீட்டுச் சுவரில் வந்து விடிந்தது.

*

வீடு சந்தின் கடைசி. பக்கச் சுவர் பெரிய தெருவைப் பார்த்திருக்கும். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் அவர் மனைவியின் தையல் அறை. பள்ளிச் சீருடையை இறக்கிக் கொடுப்பது, கால்சட்டை இடுப்பைப் பிரித்துப் போடுவது, ஜிப் மாற்றுவது என்று இருபத்தைந்து வருஷமாக அந்த மெஷின்தான் வீட்டின் மற்றொரு சக்கரம்.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு லீவு நாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று அவர் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்காவது அடிப்பார் என்று தையற்காரம்மா சாமான்களையெல்லாம் நடுவீட்டில் குவித்து வைத்திருந்தார். மனிதர் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால், சுவர் நிழலில் ஏணியைத் தலைக்கு அண்டக் கொடுத்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அம்மா எழுப்பவில்லை. துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்துவந்து, அவருக்கு மேலே சுவரில் அவரையே வரைந்துவிட்டார். பத்தடி நீளம். அளவெடுக்கிற கை அல்லவா, கோடு பிசகவில்லை. பிறகு அவருடைய மிச்ச டின்களையே திறந்து வர்ணமும் கொடுத்தார். பிளந்த வாய், ஏறி இறங்கும் தொப்பை, தலைக்கு ஏணி, பக்கத்தில் காய்ந்துபோன பிரஷ்.

எழுந்து பார்த்த சாம்பலுக்கு முதலில் கனவென்றுதான் தோன்றியது.

"என்னடி இது?"

"பார்த்தா தெரியல? ஊர்ச் சுவரையெல்லாம் பூசுற மகாராஜா."

"தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும். வெள்ளையடிச்சா தானா மறையப்போகுது. யாரு வேணாம்னா?"

அடுத்த வாரமே யாரோ புகார் கொடுத்து, சுவர் எண் நூற்றுப் பதினேழு, உடனே அழிக்கவும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் பேர் போட்டிருந்தது அவருக்கே. காலையில் மூன்று புள்ளி வைத்தார். மேஸ்திரி வந்தார், மூலையைப் பார்த்தார், டிக் அடித்தார். வெயில் இறங்கியது. சாம்பல் அழிக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

சோம்பேறித்தனம் என்று தையற்காரம்மா முடிவு கட்டிவிட்டு, உள்சுவருக்கு மட்டும் தானே வெள்ளையடித்துக்கொண்டார்.

*

போன வருஷம்தான் பாரம்பரியக் குழு வந்தது. நகரத்தின் சுவரோவியங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நகராட்சியே அமைத்த குழு. அழிப்புப் பிரிவு முதல் மாடியில், குழு இரண்டாம் மாடியில். படி ஒன்றுதான்.

குழுவின் தலைவி நல்ல மாதிரி. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, ஐந்து வருஷமாகத் தெருத்தெருவாக நடந்து படம் எடுத்தவர். அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நகரத்தில் நானூறு சாம்பல் சுவர்களில், வலது கீழ் மூலையில், அதே மூன்று சிவப்புப் புள்ளிகள். மேலே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல். ஆக, பேர் தெரியாத ஒரு மகா கலைஞர் இருந்திருக்கிறார். அவர் வரைந்ததையெல்லாம் அரசாங்கம் அழித்திருக்கிறது. கையெழுத்தின் மேல் மட்டும் கைவைக்க அழிக்கிறவர்களுக்கே மனம் வரவில்லை. அந்தக் கலைஞரின் ஓவியத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று அந்த அம்மா கலங்கியிருந்த சமயத்தில்தான் நூற்றுப் பதினேழாம் சுவர் கண்ணில் பட்டது. புள்ளியும் இருந்தது. படமும் இருந்தது.

சுவருக்கு எதிரே நின்று தலைவி அழுதேவிட்டார்.

"இந்தக் குதிகாலைப் பாருங்க," என்றார் கூட வந்தவர்களிடம். "வெடிப்பு ஒவ்வொண்ணும் ஒரு நதி. உழைக்கிறவங்களோட தேசப்படம் இது."

வாசலில் நின்ற தையற்காரம்மா, "அம்மா, அது நான் வரைஞ்சது. அதோ நிக்கிறாரே, அவரோட காலுதான்," என்றார்.

தலைவி கனிவாகச் சிரித்தார். "ஒரு நல்ல படத்தைப் பார்த்தா நமக்கே அப்படித் தோணும்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

புள்ளியைப் பற்றிச் சாம்பல் வாயைத் திறக்கவில்லை. பூசாத சுவருக்குக் குறி வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாசம் இருந்தது.

ஒரே வாரத்தில் சுவருக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டார்கள். கம்பி வேலி வந்தது. ஆணி அடிக்காதே, துளையிடாதே, பூசாதே, நனைக்காதே, மீறினால் வழக்கு என்று பலகை வந்தது. பின்னாலேயே ஜனங்களும் வந்தார்கள். வேலிக்கு வெளியே தரையில் படுத்து வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டு ஒருத்தர், "பின்னணி இசைகூட வச்சிருக்காங்க," என்றார்.

*

இந்த வருஷம் சுவர் உப்பத் தொடங்கியது.

மேல் தொட்டியிலிருந்து வரும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது. எங்கோ விரிசல். வெளியே தகடு இருந்ததால் ஈரம் வெளியேற வழியில்லாமல் முழுக்க உள்ளே திரும்பியது. முதலில் மெஷினுக்குப் பின்னால் ஒரு தட்டு அளவு கறை. பிறகு கதவு அளவு. மடித்து வைத்த சீருடைகளில் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. துணி கொடுத்தவர்கள் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள். தையற்காரம்மாவுக்கு இருமல் பிடித்தது. பகலெல்லாம் மெஷினும் இருமலும் மாறி மாறி ஓடின. டாக்டர், மருந்து ரெண்டாவது, அந்த ரூமை விட்டு வெளியே வாங்க, அது முதல் என்றார். வேறு ரூம் எது? நடுவீட்டில் கட்டிலைப் போட்டால் மெஷினுக்கு இடமிருக்காது. மெஷினைப் போட்டால் மனுஷர் படுக்க முடியாது.

கொத்தனார் வந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, தர்பூசணி மாதிரி சத்தம் கேக்குது."

"பழுத்திருச்சா?"

"விழப்போகுதுக்கா. விளையாட்டு இல்ல. வெளிப்பக்கம் மேலேருந்து உடைச்சு, குழாயை மாத்தி, புதுசாக் கட்டணும். மழைக்கு முன்னாடி பண்ணலேன்னா மெஷினு மேலதான் விழும். நீங்க உக்காந்திருந்தா உங்க மேல."

"வெளியே தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே."

"உள்ளேருந்து தொட்டா வெளிய இருக்கிறது நிக்குமா? அண்ணே, நீங்கதான் ஆபீஸ்ல சொல்லணும்."

மழைக்கு இன்னும் மூன்று வாரம் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தையற்காரம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீங்க சொல்ல வேணாம். உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"பின்ன என்ன செய்யிறது?"

"நான் கதவுகிட்ட உக்காந்து கையாலயே தைக்கிறேன்."

"முன்னூறு சீருடையைக் கையால தைப்பியா?"

"அப்ப நீங்க தைங்க. எப்படியும் தூங்கிக் கழிக்கிற நேரந்தானே," என்று சொல்லிச் சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை ஆடி, பாதி தட்டில் கொட்டியது. சாம்பல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் இரண்டாம் மாடிக்கு ஏறினார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் படியின் மேல்பாதியில் கால் வைத்தது அன்றுதான்.

தலைவி ஊரில் இல்லை. மூன்று புள்ளியைப் பற்றிப் பேச வெளியூர் போயிருந்தார். நாற்காலியில் அதிகாரி ஒருவர் இருந்தார். சாம்பல் எல்லாவற்றையும் சொன்னார். சாக்குக்கட்டி, தூக்கம், புள்ளி, டிக், ஒன்றையும் விடவில்லை.

அதிகாரி ஒரு நோட்டை எடுத்தார். "உக்காருங்க. நீங்க நாற்பத்திநாலாவது."

"என்ன சார்?"

"நான்தான் மூணு புள்ளின்னு சொல்லிட்டு வந்த நாற்பத்திநாலாவது ஆள். போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. அவரு கதை இன்னும் நல்லா இருந்தது."

"சார், நான் கலைஞன்னு சொல்லல. அது எங்க வேலைக் குறி. ஆள் அடையாளம்."

"அப்ப அந்த நானூறு சுவர்லயும்?"

"நான்தான் வச்சேன். அழிச்சிட்டு."

"பாருங்க, இதையும் ஒருத்தர் சொல்லிட்டாரு. கலைஞரே தன் ஓவியத்தை அழிச்சிருக்கலாம்னு ஒரு கட்டுரையே வந்திருக்கு."

"சுவர் விழப்போகுது சார். உள்ளே என் வீட்டுக்காரி உக்காந்து தைக்கிறா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதரில்லை, அவருக்கும் கண் சிவந்திருந்தது. "மனு எழுதிக் குடுங்க. குழு கூடணும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை கூடும். போன மாசந்தான் கூடுச்சு."

இறங்கி வந்தவரைக் கிடங்கு வாசலில் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். செய்தி படியிறங்கி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"ஏம்பா சாம்பல், உனக்கு என்ன கிறுக்கா? மேல போய் என்ன சொன்னே?"

"உண்மையைச் சொன்னேன் மேஸ்திரி."

"நம்பினாங்களா?"

"இல்ல."

மேஸ்திரி மூச்சு விட்டார். "ஆண்டவன் இருக்கான். நீ பூசாததுக்கு நான் டிக் அடிச்சிருக்கேன்யா. உனக்கு முன்னாடி எனக்குல்ல வேட்டு?" உள்ளே போய்ப் பழைய ரிஜிஸ்டரை எடுத்துவந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "படி."

"நூற்றுப் பதினேழு. அழிக்கப்பட்டது."

"யாரு கையெழுத்து?"

"உங்களுது. மேல கமிஷனர் சீலு."

"ஆங். ஆக, ரிஜிஸ்டர்படி உன் வீட்டுச் சுவர்ல படமே இல்ல. எட்டு வருஷமா இல்ல. இல்லாத படத்தை எவனாவது அழிச்சான்னு கேஸ் போடணும்னா, முதல்ல கமிஷனர் சீலு பொய்யின்னு சொல்லணும். இந்தக் கட்டடத்துல அதை எவன் சொல்லுவான்?"

சாம்பல் அந்தச் சீலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் மேஸ்திரி. "பீப்பாய்ல ரெண்டு டின்னு மிச்சம் இருக்கு. வச்சா ஏடு கட்டிரும். தூக்கிட்டுப் போ."

*

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். ஒளிந்து செய்கிற வேலையாக இருக்கக் கூடாது என்று சாம்பல் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பட்டன் ஒன்று குறைந்தது. தையற்காரம்மா அவரை நிற்க வைத்தே தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். தகட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து ஊறிப்போன மண்ணின் வாடை வந்தது. கொத்தனார் உளியும் சுத்தியலும் பக்கத்தில் வைத்து, டீ டம்ளரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உடைக்கத்தானே போறோம், எதுக்குண்ணே பூசிக்கிட்டு?"

"படத்தை உடைச்சா கேஸ். சாம்பல் சுவரை உடைச்சா மராமத்து."

கொத்தனார் டீயைக் குடித்தார்.

சாம்பல் ரோலரைத் தோய்த்தார். தூக்கினார். கை சுவர் வரைக்கும் போகவில்லை.

"குடுங்க இங்க," என்றார் தையற்காரம்மா. "நீங்க புள்ளி வச்சிட்டுத் தூங்கிருவீங்க. நான் வரைஞ்சது, நானே அழிக்கிறேன்."

"உனக்கு இருமல்."

"இருமிக்கிட்டே அழிக்கிறேன்."

முதலில் பிளந்த வாய் போயிற்று. பிறகு மூக்கு, தொப்பை. ஏணிக்கு இரண்டு பூச்சு கேட்டது. அம்மா பத்து இழுப்புக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவர் பக்கத்தில் நின்று டின்னைப் பிடித்துக்கொண்டார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். சீருடைச் சட்டையைக் கண்டதும் நகராட்சி வேலை என்று போய்விட்டார்கள்.

கால் மட்டும் மிச்சம் இருக்கும்போது சாம்பல், "கொஞ்சம் இரு," என்றார்.

"என்ன?"

"அந்தக் குதிகால்."

"அதுக்கென்ன?"

"நாலு வெடிப்பு. மூணாவதுல பிளாஸ்திரி ஒட்டியிருக்கே. எனக்கு அங்க வெடிச்சிருக்குன்னே தெரியாது. சுவர்ல பார்த்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்தேன். சரியா நாலு. அன்னைக்கு ரோலரை எடுத்துக்கிட்டு இங்க வந்து நின்னேன். எல்லாத்தையும் படிச்சிட்டுத்தானே அழிப்பேன். இதைப் படிச்ச பிறகு..."



தையற்காரம்மா ரோலரைத் தாழ்த்தினார். "எட்டு வருஷமா நான் சோம்பேறித்தனம்னு நினைச்சிட்டிருந்தேன்."

"அதுவும்தான்."

"பிளாஸ்திரி ஒட்டினதே நான்தான். தூக்கத்துல உங்களுக்கு எங்க தெரியப்போகுது? தினம் என் முகத்துக்கு நேரா காலை நீட்டிட்டுப் படுத்தா, வேற எதைத்தான் பார்க்கிறது?" என்றார். குரல் கரகரத்தது. இருமலாகவும் இருக்கலாம்.

கொத்தனார் டம்ளரின் அடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, தோய்ச்சுக் குடுங்க," என்றார் அம்மா. அவர் தோய்த்துக் கொடுத்தார். குதிகாலின் மேல் ரோலர் மெதுவாகப் போய் மெதுவாக வந்தது. ஒரே பூச்சில் அடங்கிவிட்டது.

சுவர் முழுக்கச் சாம்பல் ஆயிற்று, ஊரில் உள்ள மற்ற நானூறு சுவர்களைப் போல.

வேலை முடிந்தால் கை தானாகப் போகும். சிவப்பு ஆக்சைடு டின்னின் மூடியை நெம்பி, ஆள்காட்டி விரலை முக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாம்பல் வலது கீழ் மூலையில் குனிந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு வைத்த மூன்று புள்ளியும் அங்கே ஏற்கெனவே இருந்தன; அம்மா அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுப் பூசியிருந்தார்.

சொட்டுகிற விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன, முடிஞ்சுதா?" என்றார் தையற்காரம்மா.

"முடிஞ்சுது."

"அப்ப தள்ளி நில்லுங்க. கொத்தனார் எவ்வளவு நேரந்தான் காலி டம்ளரைப் பார்ப்பாரு?"